சீர்த்தட்டில் வைத்த இருபது லட்சம்

உத்திராபதியை யாராவது ஏமாற்றுக்காரர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஏமாற்றத் தெரிந்திருந்தால் மனுஷன் இந்நேரம் சிதம்பரத்தில் இரண்டு மாடி கட்டியிருப்பார். இருபது வருஷமாகப் பங்குச்சந்தை ஃபண்டு விற்றவரிடம் இருப்பது ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி, ஒரு வாடகை வீடு, காது அறுந்து தைத்த ஒரு ரெக்சின் பை. அவ்வளவுதான்.

என் பெயர் மரியலூர்து. சொந்த ஊர் கடலூர் முதுநகர். கல்யாணம் ஆன கையோடு சிதம்பரம் தெற்கு வீதிக்கு வந்து ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று கடை போட்டு உட்கார்ந்தவன். கடையின் ஓரத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் கிடக்கும். அதுதான் உத்திராபதியின் ஆபீஸ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நேர்ந்ததில் என் கையும் இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல வருகிறேன்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். இரண்டு வயது மூத்த அக்கா தையல்நாயகியை அதே ஊரில் உரக்கடை வைத்திருந்த பழனிவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உத்திராபதியின் காலேஜ் ஃபீஸ் அந்த உரக்கடையிலிருந்துதான் வந்தது. பி.காம். முடித்து வேலை கிடைக்காமல் அலைந்து, தபால் ஆபீஸ் சேமிப்புக்கு ஏஜென்டாகி வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்போதே அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: உத்திராபதி கையில் பணம் கொடுத்தால் பேங்கில் போட்ட மாதிரி. அந்தப் பேரை நம்பித்தான் 2003-இல் ஒரு ஃபண்டு கம்பெனி அவரை வளைத்துப் போட்டது.

அடுத்த வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் ஏஜென்டுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. மதியம் பிரியாணி. சென்னையிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்து திரையில் ஒரு கோடு காட்டினானாம். கீழே இடது மூலையில் தொடங்கி மேலே வலது மூலை வரை ஏறும் கோடு. வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் வளர்ந்தால் 2020-இல் எவ்வளவு என்று ஒரு அட்டவணையும் கொடுத்தான். உத்திராபதி அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தார். "லூர்து, மாசம் மூவாயிரம்டா. பதினஞ்சு வருஷம் விட்டுட்டா இருபது லட்சம்டா" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

இதைத்தான் ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மற்றவர்களிடம் அதை விற்பதற்கு முன்னால் மனுஷன் அதை முழுசாக நம்பினார்.

2005 சித்திரையில் அக்கா மகள் கயல்விழிக்குக் காதுகுத்து வைத்தார்கள். எட்டு வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. வேண்டுதல் தள்ளிப்போய் ஏழாவது வயதில்தான் குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும், தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். தன்னைப் படிக்க வைத்த வீட்டுக்கு ஒரு ஜோடித் தோட்டையும் பட்டுப் பாவாடையையும் மட்டும் கொண்டுபோக உத்திராபதிக்கு மனசு வரவில்லை. கயல்விழி பெயரில் மாதம் மூவாயிரம் ஃபண்டில் போடுவது என்று முடிவு செய்தார். சரி, அதை எப்படித் தட்டில் வைப்பது? விண்ணப்பப் படிவத்தையா வைக்க முடியும்?

விசேஷத்துக்கு முதல் நாள் மனைவி கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த அட்டவணையைப் பெரிய தாளில் கலரில் அடிக்கச் சொன்னார். மேலே பிள்ளையார் சுழி. நடுவில் 2020 ஏப்ரல், ரூபாய் இருபது லட்சம் என்று பெரிய எழுத்து. கீழே சிவப்பில் "தாய்மாமன் சீர்". எல்லாம் அடித்து முடித்துத் திரையில் காட்டினேன். கம்பெனித் தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. சந்தையைப் பொறுத்து லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம், இது கணிப்புதான், உறுதி அல்ல என்று. அதையும் நான் அப்படியே சேர்த்திருந்தேன்.

கொளஞ்சி அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "ஏங்க, நல்ல காரியத்துக்கு எடுத்துட்டுப் போற தட்டுல நஷ்டம்னு எழுதியா வெப்பாங்க?"

உத்திராபதி ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுவும் சரிதான். அந்த வரிய மட்டும் எடுத்துடு லூர்து."

எடுத்துவிட்டேன். எனக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை. விளக்கை அணை என்றுகூடச் சொல்லாத ஊர் இது. வேதக்காரனான நானும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சீர்த்தட்டில் நஷ்டம் என்ற சொல்லை வைத்துவிடுவோமா? தாளை லேமினேஷன் மெஷினில் விட்டு, சூடு ஆறியதும் கொடுத்தேன். கொளஞ்சி அங்கேயே நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டார்.

அய்யனார் கோயிலில் விசேஷம். தேங்காய் பழத்துக்கு நடுவில் அந்தத் தாளை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மொய் வாசித்தவர் மைக்கில், "தாய்மாமன் உத்திராபதி, இருபது லட்சம்!" என்று வாசித்தார். பழனிவேல் மீசையைத் தடவிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். அக்கா அழுதுவிட்டார். கயல்விழி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காதுவலியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம். மாதா மாதம் ஐந்தாம் தேதி அக்கா கணக்கில் மூவாயிரம் போட்டுவிடுவார், அங்கிருந்து ஃபண்டுக்குப் போகும். ஒரு மாதம் தவறியதில்லை. தானே புயல் அடித்து வீட்டு ஓடு பறந்த மாதமும் போட்டார். 2008-இல் சந்தை பாதியாக விழுந்தபோது அவருக்குத் தூக்கம் போனது உண்மை. ஆனால் அக்கா வீட்டில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் போகும். அக்கா அதைப் பிரிக்காமல் சாமி அலமாரியில், அந்த லேமினேஷன் தாளுக்குப் பின்னால் சேர்த்து வைத்தார். எவ்வளவு வரும் என்றுதான் தாளிலேயே போட்டிருக்கிறதே, அப்புறம் கடிதத்தை எதற்குப் பிரிக்க வேண்டும்?

2020 தை மாதம் கயல்விழிக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் சீர் இருபது லட்சம் இருக்கிறது என்று பழனிவேல் சம்பந்தி வீட்டில் சொல்லித்தான் பேச்சை முடித்தார். வடலூரில் மண்டபம், நகைக்கு ஆர்டர், சமையலுக்கு அட்வான்ஸ். அப்போது ஃபண்டில் இருந்தது பதினைந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இப்போதே எடுத்துவிடலாமே என்று கொளஞ்சி சொன்னார். நானும் சொன்னேன்.

"ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்குல்ல. கடைசில நல்லா ஏறும் லூர்து. கோடு அப்பிடித்தான் போவும்" என்றார்.

டை கட்டிய பையன் காட்டிய கோட்டைப் பதினைந்து வருஷம் கழித்தும் மனசிலேயே வைத்திருந்தார். மூன்று மாதத்தில் ஐந்து லட்சம் எங்கிருந்து ஏறும்? இந்தச் சாதாரணக் கணக்கை பி.காம். படித்த மனுஷன் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரிடம் கோபப்படுவது? அந்தத் தாளை அடித்துக் கொடுத்தவன் நான்.

மார்ச்சில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். நோய் வந்தது, சந்தை தினம் தினம் சரிந்தது. இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து எல்லாவற்றையும் மூடப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் சாமான் வாங்க ஓடிக்கொண்டிருந்தது. பழனிவேல் மகளிடம் பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கடைக்குள் வந்தார்.

"மச்சான், எவ்ளோ இருக்குது இப்ப?"

உத்திராபதி எழுந்து நின்றார். "மாமா, இப்ப எடுக்கக் கூடாது. ஒரு வருஷம் விடுங்க. திரும்பி வந்துடும்."

"எவ்ளோ இருக்குதுன்னு கேட்டேன்."

"ஒம்பது, ஒம்பதேகால்."

பழனிவேல் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சபைல மைக்குல வாசிச்ச நம்பரு மச்சான் அது. சம்பந்தி வீட்டுல நான் என்னா சொல்றது? பொண்ணு கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளி வெக்கவா? நாளைக்கு இதுவும் இல்லன்னு சொல்லுவ. எடுத்துக் குடுத்துடு."

எடுத்துக் கொடுத்தார். மூன்று மணிக்குள் போட்டால் அன்றைய விலை. இரண்டே முக்காலுக்குப் போட்டோம். பின்னால் தெரிந்தது, அந்த வருஷத்திலேயே சந்தை அதைவிடக் கீழே போய் முடிந்த நாள் வேறு இல்லை.

பிறகு ஊரடங்கு. மண்டபம் ரத்து. உரக்கடை வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டுவது என்றும், இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றும் ஆனது. பெண் வீட்டில் பத்து, மாப்பிள்ளை வீட்டில் பத்து. பெயர் எழுதி போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். பெண் வீட்டின் அந்தப் பத்துப் பெயரில் தாய்மாமன் பெயர் இல்லை.

யாரும் வராதே என்று சொல்லவில்லை. அக்கா மட்டும் போனில், "இருவது பேருதான்னு சொல்லிட்டாங்கடா, கோச்சிக்காத" என்றார். சரிக்கா என்றார் இவர். கல்யாணத்தன்று காலையில் கடைக்கு வந்து வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தாய்மாமன் போட வேண்டிய மாலையைப் பழனிவேலின் சித்தப்பா மகன் போட்டுக்கொண்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். "கயலு நல்லாருக்குல்ல?" என்று கேட்டார். போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, யாருக்கோ நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மனுஷன் அப்படித்தான். அழவில்லை, குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டீ வாங்கி வைத்தால் ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிப்பார். சர்க்கரை போடாமல் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய வாய் மாதிரி ஆகிவிட்டார், மொத்தமாக. பழைய வாடிக்கையாளர்களுக்கு வேண்டியதை மட்டும் செய்தார். புதிதாக ஆள் பிடிக்கப் போகவில்லை.

வைகாசிக் கல்யாணத்துக்கு எடுத்த பணத்தில் பெரும்பாகம் செலவே ஆகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். மண்டபம் இல்லை, பந்தி இல்லை, நகையிலும் பாதிதான். எப்படிச் செலவாகும்? பணம் பேங்கில் சும்மா கிடந்தது. 2021 செப்டம்பரில் ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அன்று எடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இருபத்தோரு லட்சம்.

"அண்ணே, தாளு சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒன்றர வருஷம்தான் தப்பு" என்றேன்.

"ம்" என்றார்.

எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. முன்கணிப்பு பொய் என்றுகூடச் சொல்ல முடியவில்லையே! எந்தத் தேதியில் எடுத்தாலும் சரி என்று இருக்கிற பணக்காரனுக்கு அந்தக் கோடு உபயோகப்படலாம். அவன் ஒன்றரை வருஷம் காத்திருப்பான், மூன்று வருஷம்கூடக் காத்திருப்பான். நம் ஆட்களுக்குக் காலேஜ் ஃபீஸ், ஆபரேஷன், முகூர்த்தம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாதவன் பதினைந்து வருஷத்துக்குக் கோடு போட்டு என்ன பிரயோஜனம்? இதையெல்லாம் நான் கத்திக் கத்திச் சொன்னேன். உத்திராபதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா கூப்பிட வேண்டும். மேஜையில் போன் அதிரும்போதெல்லாம் முதலில் பெயரைப் பார்ப்பார், அப்புறம்தான் எடுப்பார். பொங்கலுக்கு அழைப்பு வரும் என்று இரண்டு வருஷம் எதிர்பார்த்தார். கயல்விழிக்குப் பிள்ளை பிறந்ததையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அக்கா வந்தது 2024 ஆவணியில். போனெல்லாம் பண்ணவில்லை. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு நேரே கடைக்குள் வந்து நின்றார். உத்திராபதி எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எளச்சிட்டடா" என்றார் அக்கா.

"உக்காருக்கா."

டீ வரவழைத்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார். "கயலு புள்ளைக்கு ரெண்டு முடியப்போவுது. அந்தப் பணம் பேங்குலயே கெடக்குது. மாப்ள மார்க்கெட்டுல போடலாங்குறாரு. இப்ப எல்லாரும் அதத்தான் பேசுறாங்களாமே, ஜாஸ்தி வருதுன்னு. நான்தான் உங்க மாமாகிட்ட சொன்னேன், வெளியாளுகிட்ட எதுக்குப் போவணும், நம்ம தம்பி இருக்கான்ல? அவரும் சரின்னுட்டாரு."

"மாமா சரின்னாரா?"

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு ஏற்றம் கேட்டது.

"சரின்னுதான் சொன்னாரு. இருவது வருஷத்துல எவ்ளோ ஆவும்னு ஒரு தாளு மட்டும் அடிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாரு. மாப்ள வீட்டுல காட்டணுமாம். அதக் குடுத்துட்டன்னா வர்ற ஞாயித்துக்கெழம நீயும் கொளஞ்சியும் வீட்டுக்கு வந்துடுங்க. கயலும் வரா. பழசெல்லாம் போவட்டும்டா. எத்தினி நாளைக்கி?"

நான் அதற்குள் கம்ப்யூட்டரில் புதுப் பக்கம் திறந்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கை பரபரத்தது. "எத்தினி பர்சன்ட் போடட்டும்ணே? பன்னெண்டு?"

அவர் அக்காவின் கையை, டீ டம்ளரை, மறுபடியும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பணத்தப் போட்டுத் தரேங்க்கா. வருஷா வருஷம் நானே கணக்கு எடுத்துட்டு வந்து மாமாகிட்ட காட்டுறேன். எவ்ளோ வரும்னு மட்டும் கேக்காத. எனக்குத் தெரியாது."

"ஒரு குத்துமதிப்பா சொல்லேன்."

"குத்துமதிப்பாவும் தெரியாதுக்கா."

"அண்ணே, ஒரு நம்பர்தானே" என்றேன் நான். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு நம்பர் அடித்தால் ஞாயிற்றுக்கிழமை மனுஷன் அக்கா வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவார். இருபது வருஷம் கழித்து யார் இருக்கப் போகிறோம்?

அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. "நெல்லிக்குப்பத்துல ஒருத்தன் கேட்ட ஒடனே கலர்ல அடிச்சுக் குடுத்துட்டான்டா, எம்பத்தஞ்சு லட்சம்னு. அத விட்டுட்டு உன்னத் தேடிக்கிட்டு வந்திருக்கேன் பாரு. கயலுக்குக் காது குத்துனப்ப மட்டும் பதினஞ்சு வருஷத்துக்குத் தெரிஞ்சுது. இப்ப மட்டும் தெரியலையா உனக்கு?"

"அன்னிக்கும் தெரியாதுக்கா."

கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் போய் வேறு ஏதோ ஒன்று அக்காவின் முகத்தில் வந்தது.

"என் தம்பி தெரிஞ்சுதான் சொன்னான், மார்க்கெட்டுதான் கவுத்துடுச்சின்னு அந்த மனுஷன்கிட்ட நாலு வருஷமா சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்டா நானு."

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா டீயைக் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் எடுக்காமல், "நான் வந்தேன்னு கொளஞ்சிகிட்ட சொல்லாத" என்றார்.

"சரிக்கா" என்றார் அவர்.